பதினோராவது பெயர்

போன வாரம் என் போனுக்கு ஒரு பிடிஎஃப் வந்தது. தங்கையின் பேத்திக்குக் கல்யாணம். பத்திரிகையை நான்தான் பார்க்க வேண்டுமாம். நாற்பது வருஷம் புரூஃப் பார்த்தவன் வீட்டில் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று தங்கை கேட்டாளாம். பென்ஷன் இல்லாத வேலைக்கு இப்படி ஒரு மரியாதை!

பிடிஎஃப் வந்த ஐந்தாவது நிமிஷம் பிரஸ் தம்பி போன் செய்தார்.

"சார், எல்லாம் செக் பண்ணியாச்சு. ஃபான்ட் ஓகே, மார்ஜின் ஓகே, போட்டோ ரெசல்யூஷன் ஓகே. சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்துட்டோம், ஜீரோ எரர். நீங்க ஒரு ஓகே சொன்னீங்கன்னா பிளேட் போட்டுடலாம்."

பார்த்தேன். தம்பி சொன்னது உண்மைதான். எழுத்துப் பிழை இல்லை, தேதியும் கிழமையும் பொருந்துகின்றன, முகூர்த்த நேரம் ராகு காலத்தில் இல்லை. ஆனால் கீழே, 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' வரிசையில் குமார் என்று ஒரு பெயர். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குமார். இனிஷியல் கிடையாது.

கை துறுதுறுத்தது. ஒரு குமாரை அடித்துவிட்டு ஓகே சொல்ல அரை நிமிஷம் போதும்.

"அரை மணி நேரம் பொறுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, தங்கைக்குப் போன் போட்டேன்.

"இன்னாண்ணா இப்படிக் கேக்கற? பெரிய மாப்ள ஒரு குமாரு, சின்ன மாப்ள ஒரு குமாரு. ரெண்டு பேரும் இருக்கணும். இல்லாகாட்டி சாப்பாட்டுப் பந்தியில சண்டை வரும்" என்றாள்.

அடித்திருந்தால்? ஒரு மாப்பிள்ளை போயிருப்பார். அவரோடு ஒரு பெண்ணும் இரண்டு பேரக் குழந்தைகளும் போயிருப்பார்கள். சாஃப்ட்வேருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

சாஃப்ட்வேரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானே ஒரு காலத்தில் அப்படி ஒரு சாஃப்ட்வேராகத்தான் இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஆரம்பாக்கத்து ஆள். தினமும் காலை ரயிலில் பொன்னேரிக்குப் போவேன். அங்கே ஒரு சின்ன அச்சாபீஸில் புரூஃப் ரீடர். இருபத்தாறு வயசு. சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பேனா. அந்தப் பேனா இருந்த திமிரில் ஓட்டல் போர்டு, பஸ்ஸில் எழுதின திருக்குறள், மளிகைக்கடைச் சீட்டு என்று எதையும் விட்டுவைக்க மாட்டேன். ஒரு தடவை என் நிச்சயதார்த்தப் பத்திரத்தையே வாங்கித் திருத்தினேன். பெண் வீட்டார் அதை ரசிக்கவில்லை.

எழுத்து கோப்பவர் ரஹீம் பாய். பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பொறுக்கி வரி சேர்ப்பார். காப்பியில், அதாவது எழுதிக் கொடுத்த மூலத்தாளில், எது இருந்ததோ அது அப்படியே அச்சில் வரும். கொசு அடித்த கறை இருந்தால் அதற்கும் ஒரு புள்ளி வைப்பாரோ என்று பயம் வரும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா புரூஃப்பு" என்பார்.

ஒருநாள் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஊர்த்தலைவர் ஏகாம்பரம் வந்தார். கையில் மடித்த ஒரு முழுத்தாள். அதில் வரிசையாக முப்பத்திரண்டு பெயர்கள்.

பாடு வரிசை அது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி விழாது. நல்ல இடம் கொஞ்சம்தான். ஆளாளுக்குப் போய் வலை போட்டால் மீனைவிட மண்டை அதிகமாக உடையும். அதனால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்ளும். முதல் நாள் ஒன்றாம் பெயர், இரண்டாம் நாள் இரண்டாம் பெயர்... கடைசிப் பெயர் முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. அன்றைக்கு யார் முறையோ அவர் மட்டும்தான் அந்த இடத்தில் வலை போடலாம். அதற்குப் பெயர் பாடு. கோர்ட்டு, போலீஸ் எதுவும் கிடையாது. கோயில் சுவரில் ஒட்டின காகிதம்தான் சட்டம்.

அந்தக் காகிதத்தில்தான் வந்தது வினை. முந்தின வருஷம் யாரோ ஒருவர் பேனாவால் எட்டைப் பதினெட்டாக்கி, இன்னொருவர் பதினெட்டை அடித்து... ஊர் இரண்டாகிவிட்டது.

"அச்சுல போட்டுக் குடுங்க சாரு. வூட்டுக்கு ஒண்ணு" என்றார் தலைவர். "ஊர்க்கூட்டத்துல முடிவு பண்ணிட்டோம். அச்சுல வந்தது வந்ததுதான். அதுக்கு மேல எவனும் பேனா வெக்கக் கூடாது. வெச்சா தண்டம்."

ரஹீம் பாய் முப்பத்திரண்டு பெயரையும் கோத்து, மை தடவி, ஒரு தாள் புரூஃப் எடுத்துக் கொடுத்தார். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

முதல் பத்துப் பெயர்களில் மூன்று ஒற்றுப் பிழைகள். திருத்தினேன். பதினோராவது பெயர் 'மு. கன்னியப்பன்'.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தக் கன்னியப்பனை எனக்குத் தெரியும். நேரில் பார்த்ததில்லை. ஆனால் எட்டு மாசத்துக்கு முன்னால் காமாலையில் இறந்துபோன இவருடைய காரியப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தவன் நான்தான். அதே ஊர், அதே இனிஷியல்!

என் ஞாபகசக்தியை நினைத்து எனக்கே புல்லரித்தது. செத்துப்போனவருக்கு மீன்பிடிக்க முறை வைத்திருக்கிறார்களே, பழைய பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள், என்ன ஜனங்கள் இவர்கள் என்று நினைத்துக்கொண்டே பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் 'நீக்கு' என்பதற்கான சுழி. அதோடு விட்டேனா? பன்னிரண்டு முதல் முப்பத்திரண்டு வரை எல்லா எண்ணையும் ஒவ்வொன்றாகக் குறைத்து, இருபத்தொரு எண்களை அழகாக மாற்றி எழுதினேன். வேலை என்று வந்துவிட்டால் நான் அரைகுறையாகச் செய்வதில்லை.

ரஹீம் பாய் தாளைப் பார்த்தார்.

"காப்பில கீதே புரூஃப்பு, இந்தப் பேரு?"

"அவரு செத்துட்டாரு பாய்."

"எனக்கு இன்னா? ஒரு வரி மிச்சம். ஆனா இருபத்தொரு நம்பரையும் நான்தான மாத்தணும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார்.

மறுநாள் தலைவர் வந்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆனால் அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை. நான் சிவப்பு மை போட்ட அந்தத் தாளை நீட்டி, "ஒரு தப்பு இருந்தது தலைவரே, திருத்திட்டேன்" என்றேன்.

"நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்று அடியில் கையெழுத்துப் போட்டார்.

என்ன தப்பு என்று அவர் கேட்கவில்லை. என்ன தப்பு என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் ரொம்பத் திருப்தி.

அச்சடித்துக் கொடுத்தோம். ரஹீம் பாய் எழுத்தைப் பிரித்து அறைகளில் போட்டுவிட்டார். தலைவர் எழுதிக்கொடுத்த மூலத்தாள் குப்பைக்குப் போனது. கையெழுத்துப் போட்ட புரூஃப் மட்டும் வழக்கப்படி சுவர்க் கம்பியில் குத்தித் தொங்கியது.

பாடு ஆரம்பித்த ஐந்தாம் நாள் காலை, கடையைத் திறக்கும்போது படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பது வயசு இருக்கும். கையில் சுருட்டின தாள். நாங்கள் அச்சடித்த தாள்தான்.

"இதுல என் வூட்டுக்காரு பேரு எங்க சாரு?"

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"கன்னியப்பன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. சுலபமான கேள்வி. "அவரு இறந்துட்டாரேம்மா" என்றேன்.

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதா?" என்றார்.



தேசம்மாள் என்று பெயர். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எங்க ஊர்ல ஆளு பூட்டா மொற பூடாது சாரு. பையன் தலையெடுக்கற வரைக்கும் அப்பன் பேர்லயே ஓடும். பொம்பள பேரு பாடு வரிசையில ஏறாது. அதனால அவரு பேரு. அன்னிக்கு என் கொழுந்தனாரு வலை போடுவாரு, பாதி எனக்குக் குடுப்பாரு. அத்த வெச்சித்தான் மூணு புள்ளைங்க சாப்பிடுது. பேரு இருந்தாத்தான் மொற. இன்னும் ஆறு நாள்ல எங்க மொற. பேர எட்த்துட்ட. நான் இன்னா செய்யட்டும், சொல்லு."

'சாரு' போய் 'சொல்லு' வந்துவிட்டதைக் கவனித்தேன். நியாயம்தான்.

"தலைவர்கிட்ட சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன். அச்சுல வந்தது வந்ததுதான்றாரு. ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வருவாங்கன்றாரு. நாங்க குடுத்த காயிதத்துல பேரு இருந்துச்சா இல்லியான்னு அவருக்கே இப்ப சந்தேகம் வந்துட்சி. நாளைக்குப் பகல்ல கூட்டம் கீது. அச்சாபீஸ்காரன் வந்து சொன்னா பாக்கலாம்னாரு. நீ வந்து சொல்லு."

முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். தப்பு செய்தவனுக்கு முதலாளி என்று ஒருவர் இருப்பது எவ்வளவு வசதி!

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவங்க எழுதிக் குடுத்த தாள் இருக்கா?"

"இல்லை."

"அப்போ அந்தப் புரூஃபைக் கம்பியிலேருந்து உருவி அடுப்புல போடு. அவங்க குடுத்ததுலயே பேரு இல்லைன்னு ஆயிடும். முடிஞ்சுது கதை."

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். யோசனை எனக்குப் பிடித்திருந்தது. வேலை போகாது, ஊருக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம், திருத்தம் பண்ணினவன் நான் என்பது யாருக்கும் தெரியாது. கம்பியிலிருந்து தாளை உருவியே விட்டேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டீ போடப் போகிறவன் மாதிரி பின்பக்கத்து அடுப்புக்குப் போனேன்.

"அத்த எங்க எட்த்துகினு போற?" ரஹீம் பாய் எழுத்துப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

சொன்னேன்.

"முப்பத்திரண்டு பேரையும் நான்தான் கோத்தேன்" என்றார். "காப்பியில இருந்த ஒரு பேர ரஹீம் வுட்டுட்டான்னு எங்க ஊர்லயே நாளைக்குப் பேசுவானுங்க. நான் தினம் அந்தப் பஸ்ஸுலதான் வரணும். நீ ஆரம்பாக்கத்துக்கு ரயில் ஏறிப் பூடுவ."

"உங்க பக்கத்து ஊருதானே பாய், செத்தவர் பேர்ல முறை ஓடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் மீன் வாங்கறவன். புடிக்கறவன் வூட்டு மொற எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுன்றதாலதான் நான் இருக்கறத அப்படியே வெச்சேன். உனக்கும்தான் தெரியாது... நீ எடுத்துட்ட."

அப்போதுதான் வெட்கம் வந்தது. காது சூடாகிவிட்டது. வாசலில் தேசம்மாள் இன்னும் படியில்தான் உட்கார்ந்திருந்தார். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொன்ன வார்த்தையை நம்பி உட்கார்ந்திருந்தார். போய், "நாளைக்கு வரேம்மா" என்றேன். எழுந்து, தாளைச் சுருட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போனார். தேங்க்ஸ் எல்லாம் இல்லை.

மறுநாள் லீவு சொல்லாமல் பழவேற்காடு பஸ் ஏறினேன். அங்கிருந்து படகில் குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது கோயில் முன்னால் ஐம்பது ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கூட்டத்துக்குள் வரக் கூடாது. சற்றுத் தள்ளி, வலை காயப் போட்டிருந்த கம்புகளுக்குப் பின்னால் தேசம்மாளும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள்.

"சொல்லுங்க சாரு" என்றார் தலைவர் ஏகாம்பரம். "நாங்க குடுத்த காயிதத்துல கன்னியப்பன் பேரு இருந்துச்சா, இல்லியா?"

 பையிலிருந்த புரூஃபை எடுத்து நீட்டினேன்.

இந்தத் தடவை கண்ணாடி கொண்டுவந்திருந்தார். போட்டுக்கொண்டு பார்த்தார். பதினோராவது வரியில் கன்னியப்பன். அவர் மேல் சிவப்புக் கோடு. அதற்குக் கீழே இருபத்தொரு சிவப்பு எண்கள். எல்லாவற்றுக்கும் அடியில், ஏகாம்பரம் என்று அவருடைய கையெழுத்து.

பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னா தலைவரே, உங்க கையெழுத்து மாதிரி கீது!" என்றார். யாரோ சிரித்தார்கள்.

தலைவர் என்னைப் பார்த்தார். "தப்பு இருந்துச்சி, திருத்திட்டேன்னு சொன்ன இல்ல?"

"சொன்னேன்."

"இன்னா தப்புன்னு நான் கேட்டேனா?"

"இல்லை."

"நீயாவது சொன்னியா?"

"இல்லை."

"நல்லா கீது நாயம்" என்றார். அந்த வழக்கின் மொத்த விசாரணையும் அவ்வளவுதான்.

ஒருவர் எழுந்தார். "அதெல்லாம் சரி. அச்சுல வந்தது வந்ததுதான்னு நாமதான சொன்னோம்? இப்ப மாத்தினா அச்சுக்கு இன்னா மரியாதை?" பன்னிரண்டாவது பெயர்க்காரர் அவர். என் திருத்தத்தால் அவருக்கு ஒருநாள் முன்னால் முறை வந்திருந்தது. அந்த ஒருநாள் போனால் அவருக்கு நஷ்டம்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

பிழைத்திருத்தம் என்று ஒரு சின்னத் துண்டு அச்சடித்து எல்லாத் தாளிலும் ஒட்டிவிடலாமே என்றேன். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். ஐம்பது பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். இன்றைக்குத் துண்டு ஒட்டினால் நாளைக்கு எவன் வேண்டுமானாலும் துண்டு ஒட்டுவானாம். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி, தோள்துண்டால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவு நேரமும் நான் கம்புகளுக்குப் பின்னால் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"ஊரு எடுத்த பேர அச்சுல சேக்கக் கூடாது. சரி" என்றார். "இந்தப் பேர ஊரு எடுக்கல. அச்சாபீஸ்காரன் எட்த்தான். பாக்காம கையெழுத்துப் போட்டவன் நானு. ஊரு எடுக்காத பேரு ஊர்லதான் கீது. பழைய தாளு அத்தனையும் இங்க வரணும். என் முன்னால கொளுத்தணும். புதுசா அச்சடிக்கற செலவு என் தண்டம்."

பன்னிரண்டாவது பெயர்க்காரர் உட்கார்ந்தார்.

"உனக்கும் தண்டம் கீது" என்று என் பக்கம் திரும்பினார்.  "வருசா வருசம் அச்சடிக்கறதுக்கு முன்னால அந்த சோதிக்கற தாள எட்த்துகினு நீ இங்க வரணும். ஒவ்வொரு பேரா ஊருக்கு முன்னால படிக்கணும். பேருக்கு உடையவங்க பதில் சொன்னாத்தான் அடுத்த பேரு."

அப்போது கம்புகளுக்குப் பின்னாலிருந்து தேசம்மாள் குரல் கொடுத்தார். "ஆம்பள இல்லாத வூட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

கூட்டம் முணுமுணுத்தது. தலைவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "அங்க இருந்தே சொல்லு. காதுல விழுது இல்ல?"

கூட்டம் முடிந்த இரண்டாம் நாள் புதுத்தாள் போய்ச் சேர்ந்தது. ரஹீம் பாய் முப்பத்திரண்டு பெயரையும் மறுபடி கோத்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல். முதலாளிக்கு ஒரே வேலைக்கு இரண்டு ஆர்டர். அவர் கோபமெல்லாம் அதில் கரைந்துவிட்டது. பதினோராம் நாள் கன்னியப்பன் முறையில் நல்ல இறால் விழுந்ததாக ரஹீம் பாய் ஒரு வாரம் கழித்துச் சொன்னார். கொஞ்சம் இறால் எனக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

அடுத்த வருஷம் தண்டம் கட்டப் போனேன். கோயில் முன்னால் நின்று புரூஃபைப் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல், இருக்கிறேன் என்ற அர்த்தத்தில், "கீறேன்" என்றது. அந்த வருஷம் சீட்டில் கன்னியப்பன் நான்காவது.

"மு. கன்னியப்பன்" என்றேன்.

கம்புகளுக்குப் பின்னாலிருந்து தேசம்மாள் சொன்னார்: "கீறாரு."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் பேனாவால் பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

இப்போது சொல்லுங்கள், ஒரு பட்டியலில் எது பிழை, எது பிழையில்லை என்று அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிட முடியுமா? ஒற்று விட்டுப்போனதை நான் கண்டுபிடிப்பேன். மிச்சமெல்லாம் அந்தப் பெயருக்கு உடையவருக்குத்தான் தெரியும். என்னதான் படித்திருந்தாலும் ஒரு வார்த்தை கேட்காமல் தெரியாது. கேட்பதற்கு அரை மணி நேரம் ஆகும். பிரஸ் தம்பி கோபித்துக்கொள்வார். ஆகட்டும்.

தண்டத்தை விடாமல் கட்டினேன். ஏழு வருஷம், ஏழு புரூஃப். சீட்டுக்குத் தக்கபடி கன்னியப்பன் ஒன்பதாவதாக, இருபதாவதாக, ஒருமுறை முதலாவதாகக்கூட வந்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் குரல், "கீறாரு" என்றது. நானும் அதைக் கேட்டுக் கேட்டு அவரை நேரில் பார்த்த மாதிரியே ஆகிவிட்டேன்.

எட்டாவது வருஷம் பெயரைப் படித்தேன். பதில் இல்லை.

இரண்டாம் தடவை படித்தேன். கம்புகளுக்குப் பின்னால் பார்த்தேன். தேசம்மாள் அங்கேதான் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆண்கள் வரிசையின் கடைசியில், புது வேட்டி கட்டிக்கொண்டு முதல்முறையாகக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அடிச்சிக்கோ தம்பி" என்றார். "பையன் பேர எய்திக்கோ."

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். இருபத்தொரு எண்ணை ஒரே மூச்சில் மாற்றின கை, அந்த ஒரு கோட்டைப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது.